மாடி வீட்டுக் கடனும் படிப்புக் கடனும்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் குடியிருக்கும் தம்பி லேப்டாப்போடு கீழே வந்தார். வேளச்சேரியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மாடி இப்படித்தான்: தரமணி, துரைப்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டது. வருமான வரிக்குப் பழைய முறையா புதிய முறையா என்று கேட்டு அவர் ஆபீஸிலிருந்து மெயில் வந்திருக்கிறது. "சார், புதுசுல போனா எஜுகேஷன் லோன் வட்டியக் கழிக்க முடியாதாமே? அப்ப பழசுலயே இருந்துடலாமா?" என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முடித்தபோது அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் ஒரு கேள்வி மிச்சம். வரி எப்படிப் படிப்பு ஆசையைக் கூட்டும், குறைக்கும் என்று பொருளாதாரப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். அதில் எவ்வளவு நம்ம ஊருக்குப் பொருந்துகிறது என்று இந்த ஒரு கணக்கை வைத்தே பார்க்கலாம் என்று இந்தக் குறிப்பு.

அவர் கணக்கு

ஆள் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி. கவுன்சலிங்கில் பொறியியல் சீட். முதல் பட்டதாரிச் சலுகையில் கல்விக் கட்டணத்தை அரசு கொடுத்தது. அதற்கப்புறம் எம்.பி.ஏ. அதற்கு 10 லட்சம் வங்கிக் கடன். இப்போது சம்பளம் வருஷத்துக்கு 15 லட்சம். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம். கடன் வட்டி வருஷத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம். வாடகை மாதம் 16,000.

பழைய முறையில் நிலையான கழிவு 50,000, பி.எஃப். முதலானவை 80சி-யில் 1,50,000, வீட்டு வாடகைப்படியில் 1,32,000, 80இ-யில் கல்விக் கடன் வட்டி 1,00,000. மிச்சம் 10,68,000. செஸ் சேர்த்து வரி சுமார் 1,38,200.

புதிய முறையில் (2025-26 விகிதப்படி) நிலையான கழிவு 75,000 மட்டும். 14,25,000-க்கு வரி 93,750, செஸ் 3,750, மொத்தம் 97,500.

ஆக, புதிய முறையில் 40,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். "அப்ப புதுசுதான் சார்" என்று அவர் கிளிக் செய்துவிட்டார். சரியான முடிவுதான்.

ஆனால் அவர் பக்கத்து சீட்டில் ஒருத்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே படிப்பு, அதே சம்பளம், ஃபீஸை அப்பா கட்டிவிட்டார், கடன் கிடையாது. பழைய முறையில் நம்ம தம்பி அவரைவிட 31,200 ரூபாய் குறைவாகக் கட்டியிருப்பார். புதிய முறையில் ரெண்டு பேரும் ஒரே 97,500. வரி எல்லாருக்கும் குறைந்தது. கடன் வாங்கிப் படித்தவருக்கும் வாங்காதவருக்கும் இருந்த வித்தியாசம் அழிந்தது. இது ரெண்டும் வேறு வேறு விஷயம். புதிய முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் விஷயத்தைச் சொல்லி ரெண்டாவதை மூடிவிடுகிறார்கள்.

என் கணக்கு

அடுத்து என் கதை. மாடியைக் கடன் வாங்கித்தான் கட்டினேன். அந்தக் கடனுக்கு வருஷ வட்டி 1,10,000. தம்பி கொடுக்கும் வாடகை வருஷத்துக்கு 1,92,000. அதில் 30 சதவீதம், அதாவது 57,600, எந்த ரசீதும் கேட்காமல் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 1,34,400. அதிலிருந்து கடன் வட்டி 1,10,000. வரிக்கு உட்படும் வாடகை வருமானம் வெறும் 24,400. சொத்து வரியைக் கழித்தால் இன்னும் குறையும்.

இது பழைய முறை இல்லை, புதிய முறையிலேயே இப்படித்தான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவை 115பிஏசி பிரிவு எடுத்துவிட்டது. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியை அது தொடவில்லை. வாடகை வருமானத்தைத் தாண்டிப் போகும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

ஏன் தொடவில்லை? காரணம் நியாயமானதுதான். வாடகை என்பது வருமானம். அந்த வருமானத்தை ஈட்ட ஆன செலவு வட்டி. செலவு போக மிச்சத்துக்குத்தான் வரி. வருமான வரியின் அரிச்சுவடி இது. கம்பெனி கடனில் மெஷின் வாங்கினால் வட்டியும் கழியும், தேய்மானமும் கழியும். டாக்டர் கிளினிக்குக்கு ஸ்கேன் மெஷின் வாங்கினாலும் அப்படியே. அதே டாக்டர் எம்.டி. படிக்கக் கட்டிய ஃபீஸுக்குத் தேய்மானம் கிடையாது. அந்தப் படிப்புக் கடனின் வட்டிக்கு 80இ ஒன்றுதான் இருந்தது. புதிய முறையில் அதுவும் இல்லை.

ஆக ஒரே வீட்டில், ஒரே வங்கியில் கடன் வாங்கியிருந்தாலும், கீழ் வீட்டில் இருக்கும் எனக்கு வட்டி ஒரு செலவு. மாடியில் இருப்பவருக்கு வட்டி அவர் சொந்த விஷயம். அவர் கொடுக்கிற வாடகையில் நான் என் வட்டியைக் கழிக்கிறேன். அந்த வாடகையைச் சம்பாதித்துக் கொடுக்கிற படிப்பின் வட்டியை அவரால் கழிக்க முடியாது. இந்தச் சலுகையை அனுபவிக்கிறவன் நான் என்பதால் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

புத்தகம் என்ன சொல்கிறது

கேரி பெக்கர் 1964-ல் 'ஹியூமன் கேப்பிடல்' எழுதியபோது, படிப்பும் ஒரு முதலீடு என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார். படிப்பின் பெரிய செலவு பல நேரம் ஃபீஸ் இல்லை. படிக்கிற வருஷங்களில் வேலைக்குப் போகாததால் இழந்த கூலி. டிப்ளமா முடித்த பையன் ஒரகடத்தில் ஏதாவது தொழிற்சாலையில் சேர்ந்தால் மாதாமாதம் காசு. பி.இ. சேர்ந்தால் அது போச்சு.

இங்கேதான் வரி உள்ளே வருகிறது. எல்லாருக்கும் ஒரே விகிதம், இழந்த கூலி மட்டுமே செலவு என்று வைத்தால், வரி படிப்பு முடிவைத் தொடாது. 20 சதவீத வரி பின்னால் வரும் கூடுதல் சம்பளத்தை 20 சதவீதம் குறைக்கிறது; இழந்த கூலியையும் அதே 20 சதவீதம் குறைக்கிறது, ஏனென்றால் வேலைக்குப் போயிருந்தால் அதற்கும் வரி கட்டியிருக்கணும். ரெண்டு தட்டும் சமமாக இறங்கும்.

இரண்டு விஷயம் இந்தச் சமநிலையைக் கெடுக்கும். ஒன்று, ஏறிக்கொண்டே போகும் வரி விகிதம். இழந்த கூலிக்கு வரி பூஜ்யம், பின்னால் வரும் சம்பளத்துக்கு 15 அல்லது 20 சதவீதம் என்றால் படிப்பின் லாபம்தான் அடி வாங்கும். ரெண்டு, கையிலிருந்து கட்டும் ஃபீஸ். அதைக் கழிக்க விடாவிட்டால், செலவில் அரசுக்குப் பங்கு இல்லை, லாபத்தில் மட்டும் பங்கு.

இதை வைத்துப் பார்த்தால் புதிய முறைக்கு ஒரு நல்ல மதிப்பெண் கொடுத்தே ஆகணும். 12 லட்சம் வரை (சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை) வரியே இல்லை என்று ஆனதால், பெரும்பாலான பட்டதாரிகளுக்கு இழந்த கூலிக்கும் வரி இல்லை, பின்னால் வரும் சம்பளத்துக்கும் வரி இல்லை. அவர்கள் அளவில் வருமான வரி படிப்பைத் தடுக்கவில்லை. 80இ போனதாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிக்க? பிரச்சினை அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் கடன் வாங்கி மேற்படிப்பு படித்துத் தாண்டியவர்களுக்கு.

ஒட்டிப் பிறந்த இரட்டையர்

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகிற கட்டுரை ஒன்று உண்டு. லான்ஸ் போவன்பெர்க், பாஸ் யாக்கப்ஸ் என்ற இரண்டு டச்சுப் பொருளாதார அறிஞர்கள் 2005-ல் 'ஜர்னல் ஆஃப் பப்ளிக் எகனாமிக்ஸ்' இதழில் எழுதியது. மறுபங்கீடும் கல்வி மானியமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்பது அதன் தலைப்பின் சாரம்.

வாதம் எளிமையானது. உயர்கல்வி மானியம் பெரும்பாலும் திறமையும் வசதியும் உள்ளவர்களுக்கே போகிறது, அது ஏழைகளுக்கு எதிரானது என்று ஒரு பழைய குறை உண்டு. இவர்கள் சொல்வது: மானியத்தைத் தனியாக எடைபோடாதே. பணக்காரரிடம் அதிக வரி வாங்கி ஏழைக்குக் கொடுக்கிற அரசு, அந்த வரியாலேயே படிப்பின் லாபத்தைக் குறைத்துவிடுகிறது. படிப்புச் செலவை அதே விகிதத்தில் கழிக்க விட்டால் அல்லது மானியமாகத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் கெடுதல் சரியாகிவிடும். அரசும் தயங்காமல் மறுபங்கீடு செய்யலாம். வரி எவ்வளவோ அவ்வளவு மானியம். ஒன்றை ஏற்றினால் மற்றதையும் ஏற்று, இறக்கினால் இறக்கு.

நம்ம கேள்விக்கு இதில் நேரடிப் பதில் இருக்கிறது. புதிய முறை வரி விகிதத்தை இறக்கியது, அதனால் கழிவும் குறையலாம் என்பது இந்தக் கட்டுரையின்படி சரிதான். ஆனால் எவ்வளவு? தம்பியின் கடைசி ரூபாய்க்கு வரி 30 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. அப்படியானால் 1 லட்சம் வட்டிக்குக் கிடைத்த 31,200 ரூபாய் 15,600 ஆக இறங்கணும். பூஜ்யமாக ஏன் இறங்கணும்? 15 சதவீதம் வாங்குகிறவர் 15 சதவீதச் செலவையும் ஏற்கவேண்டும். வாடகை வீட்டு விஷயத்தில் சட்டம் இதைத்தானே செய்கிறது.

அந்தக் கட்டுரையில் எனக்குக் குறையாகப் படுவது ரெண்டு.

முதல் குறை: அந்த மாடலில் கடன் கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை. படித்தால் லாபம் என்றால் மாணவன் படிப்பான். நம்ம ஊரில் கடனும் ஆபத்தும்தான் கதையில் பாதி. ஜோனதன் ஈட்டனும் ஹார்வி ரோசனும் 1980-லேயே இந்த ஆபத்துப் பக்கத்தைப் பார்த்தார்கள். படிப்பு வெற்றி தருமா என்று தெரியாதபோது, வரி ஒரு இன்சூரன்ஸ் மாதிரி வேலை செய்யலாம்: நன்றாகச் சம்பாதித்தால் பங்கு எடுக்கும், சம்பாதிக்காவிட்டால் எடுக்காது.

நம்ம சட்டத்தில் இந்த இன்சூரன்ஸ் ஒற்றைக் காலில் நிற்கிறது. படித்து முடித்து ரெண்டு வருஷம் வேலை கிடைக்காதவர் வரி கட்டமாட்டார், உண்மை. ஆனால் இ.எம்.ஐ. நிற்காது. பழைய முறையில்கூட 80இ எட்டு வருஷத்துக்குத்தான். வட்டி கட்ட ஆரம்பித்த வருஷத்திலிருந்து கணக்கு ஓடும். அப்பா கடன் வாங்கிக் கட்டிய வட்டிக்கோ, வருமானம் இல்லாத வருஷத்தில் தானே புரட்டிக் கட்டிய வட்டிக்கோ பின்னால் கணக்குக் கேட்க வழி இல்லை. இதையே ஒரு கடைக்காரரோடு ஒப்பிடுங்கள். வியாபார நஷ்டத்தை எட்டு வருஷம் வரை முன்னால் கொண்டுபோய் லாபத்தில் கழிக்கலாம். ரெண்டு இடத்திலும் எட்டுதான். ஒன்றில் எட்டு வருஷம் நஷ்டம் காத்திருக்கும். மற்றதில் எட்டு வருஷம் சலுகை கரைந்துகொண்டே போகும்.

இரட்டையர் சரி, அம்மா யார்?

இரண்டாவது குறை இன்னும் பெரியது. அந்தக் கட்டுரையில் வரி வாங்குவதும் மானியம் கொடுப்பதும் ஒரே அரசு. இந்தியாவில் வருமான வரி மத்திய அரசுக்கு. கல்லூரிச் செலவில் பெரும்பகுதி மாநில அரசுக்கு. ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பிரித்து ஒன்றை டெல்லியிலும் ஒன்றைச் சென்னையிலும் வளர்க்கிறோம்.

தமிழ்நாடு தன் பங்குக்கு வரியை வைத்து எதுவும் செய்ய முடியாததால் செலவை வைத்துச் செய்தது. 2010-ல் முதல் பட்டதாரிச் சலுகை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல்; 2021-ல் அது பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது, அவர்களுக்கான கட்டணமும் அரசுடையது. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன்: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய்.

இதில் புதுமைப்பெண்ணைப் பெக்கர் கண்ணால் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம், தாலிக்குத் தங்கத்தோடு. அதையே கல்லூரி உதவியாக மாற்றினார்கள். கல்யாணத்தன்று கிடைத்த பணம் இப்போது கல்லூரியில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் கிடைக்கிறது. இது ஃபீஸுக்கான மானியம் இல்லை. இழந்த கூலிக்கு ஈடு. ஈடு போதுமா என்றால் போதாது, தி.நகர் ஜவுளிக்கடையில் நின்றால் அதைவிடப் பல மடங்கு சம்பளம். ஆனாலும் வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத வீட்டுக்கு எந்த வரிக் கழிவும் செய்யமுடியாததை இந்த ஆயிரம் ரூபாய் செய்கிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. அது பல பத்தாண்டுச் செலவின் பலன். எந்த வரிச் சலுகையாலும் வந்ததில்லை.

சரி, செலவு செய்தது மாநிலம், அறுவடை? தம்பி கட்டும் வரி மத்திய அரசின் பொதுத்தொகுப்புக்குப் போகிறது. 15-வது நிதிக்குழுப்படி மாநிலங்களுக்கு 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். அதாவது தொகுப்பில் நூறு ரூபாய் சேர்ந்தால் இங்கே திரும்புவது ஒரு ரூபாய் 67 பைசா. அவருடைய 93,750-க்கு இந்த விகிதத்தைப் போட்டால் சுமார் 1,570 ரூபாய். அவர் இங்கேயே இருப்பதால் ஜிஎஸ்டியின் மாநிலப் பங்கு, பெட்ரோல் வரி என்று வேறு வழியிலும் மாநிலத்துக்கு வருகிறது, அதை மறுக்கவில்லை. நாளைக்கே பெங்களூருக்கு மாற்றல் ஆனால் அதுவும் போகும். ஜெகதீஷ் பகவதி 1970-களில் வெளிநாடு போகும் படித்தவர்கள் மேல் ஒரு வரி வேண்டும் என்றபோது அவர் மனதில் இருந்தது நாடுகளுக்கு இடையில் இதே கணக்கு.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த 3,750 ரூபாய் செஸ். அதன் பெயரே சுகாதார, கல்வி செஸ். 2004-ல் 2 சதவீதக் கல்வி செஸ்ஸாக ஆரம்பித்தது. 2007-ல் இடைநிலை, உயர்கல்விக்கென்று இன்னொரு 1 சதவீதம். 2018-ல் எல்லாம் சேர்ந்து 4 சதவீதம். உயர்கல்விக்கென்று வசூலித்ததைத் தனி நிதியாகப் போட்டு வைக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது 2017-ல்தான், வசூல் ஆரம்பித்துப் பத்து வருஷம் கழித்து. செஸ் என்பதால் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. முதல் பட்டதாரிக்கு ஃபீஸ் கட்டிய மாநிலத்துக்கு, அந்தப் பட்டதாரி கட்டும் கல்வி செஸ்ஸில் உரிமைப் பங்கு ஒரு பைசா இல்லை.

எதிர்க் கேள்விகள்

80இ பணக்காரருக்கான சலுகைதானே? பாதி உண்மை. வட்டிக்கு உச்சவரம்பே இல்லாததால், அமெரிக்காவுக்கு 40 லட்சம் கடனில் போனவர் வீட்டுக்குத்தான் அதிகப் பலன். 2005-க்கு முன்னால் இருந்த 80இ வேறு மாதிரி: அசலும் வட்டியும் சேர்த்து வருஷம் 40,000 வரை. சின்னக் கடன்காரருக்கு அதுவே மேல். அதை வட்டி மட்டும், வரம்பில்லை என்று மாற்றியது பெரிய கடனுக்குச் சாதகமான மாற்றம். இதற்கு மருந்து வரம்பு வைப்பது. பிரிவையே வெட்டுவது இல்லை.

பழைய முறையைத் தூக்கி வைக்கிறேனா? இல்லை. 80சி-யில் ரெண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸைக் கழிக்கலாம். தனக்குத் தானே கட்டிய ஃபீஸைக் கழிக்க முடியாது. எல்.ஐ.சி. பிரீமியத்துக்குப் பக்கத்தில் அந்த ஃபீஸை வைத்த சட்டத்துக்குப் படிப்பு என்பது அப்பாவின் கடமை. படிக்கிறவரின் முதலீடு இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் காசில் எம்.காம். சேர்ந்த பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை.

சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவு இருக்கிறதே, அதுதானே வருமானம் ஈட்டும் செலவு? அது எல்லாருக்கும் ஒன்று. எனக்கு 30 சதவீதக் கழிவும் உண்டு, அதற்கு மேல் வட்டியும் உண்டு என்பதை மறக்கவேண்டாம்.

வரிச் சட்டத்தை எளிமையாக்கணும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எளிமை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வெளிநாட்டுக்குப் படிப்புப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரி இருக்கிறது (டிசிஎஸ், நம்ம ஊரில் எல்லாரும் வேலை பார்க்கும் கம்பெனி இல்லை). அதில் கல்விக் கடன் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பிடித்தமே கிடையாது. அந்தக் கடன் எது என்று அடையாளம் காட்ட அங்கே சட்டம் கைகாட்டுவது 80இ-யைத்தான். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கல்விக் கடன் தனி இனம் என்று ஒத்துக்கொள்ளும் சட்டம், இங்கே சம்பாதித்து அடைக்கும்போது மறந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. புதிய முறையிலேயே கல்விக் கடன் வட்டியை, ஒரு உச்சவரம்போடு, வாடகை வீட்டு வட்டி மாதிரி செலவாகக் கழிக்க விடுவது. வருமானம் இல்லாத வருஷத்தின் வட்டியை வியாபார நஷ்டம் மாதிரி முன்னால் கொண்டுபோக விடுவது. கல்வி செஸ்ஸில் உயர்கல்விப் பங்கை மாநிலங்களோடு பகிர்வது. முதல் ரெண்டும் 2026 ஏப்ரலில் அமலுக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்திலேயே செய்யக்கூடியவை. மூன்றாவதற்கு அரசியல் வேண்டும்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வாடகையில கொஞ்சம் கொறைச்சுக்குங்க சார், நீங்கதான் கழிக்கிறீங்களே" என்றார். சிரித்துச் சமாளித்தேன். இந்த வருஷம் ஏற்றவில்லை, அதுவரைக்கும் சொல்லிக்கொள்ளலாம்.